காட்டிக் கொடுக்கிறவன் யார்?



சில மாதங்களுக்கு முன்னே ஒரு வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்துவிட்டுப் புறப்பட்டாயிற்று. அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறபடியால் தூரத்திலிருந்து வருகிற விசுவாசிகள் சீக்கிரமே கிளம்பிவிடுவார்கள். ஒரு சகோதரி மாத்திரம் போகவில்லை. சுருட்டின பாயையே மறுபடியும் விரித்துச் சுருட்டிக்கொண்டு நின்றார். ஏதோ பாரம் இருக்கிறது என்று தெரிந்தது. "என்னம்மா?" என்று கேட்டேன்.

அந்தச் சகோதரி ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஒப்பந்த வேலை செய்கிறவர். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர் என்று எழுதமாட்டேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். சில அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன். கூட வேலை செய்யும் ஒரு அக்கா, பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டுவதற்குக் காசு வாங்குகிறார். ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட்டு, பெண் பிள்ளைக்கு ஒரு ரேட்டு. கொடுக்கவில்லை என்றால் குழந்தை உள்ளேயேதான் இருக்கும். தாயைத் தள்ளுவண்டியில் வார்டுக்குக் கொண்டுவரவும் காசு, துணி மாற்றவும் காசு. ஷிப்ட் முடிகிறபோது அந்த அக்கா நம் சகோதரியின் டிபன் பைக்குள் ஒரு பங்கைச் செருகிவிடுவார்.

"ரெண்டு தடவ திருப்பிக் குடுத்துட்டேன் பாஸ்டர். அப்புறம் எல்லாரும் ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. அதனால வாங்கிக்கிட்டேன். ஆனா ஒரு ரூபா கூட செலவு பண்ணல பாஸ்டர். எல்லாத்தையும் ஞாயித்துக்கிழம காணிக்கப் பையில போட்டுட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் ஸ்தோத்திர காணிக்கை என்று கைகளை உயர்த்தி ஜெபித்த பணத்தில் அதுவும் இருந்திருக்கிறது.

அவர் மேலே சொன்னார். "அந்தக்கா கெட்டவங்க இல்ல பாஸ்டர். என் பையனுக்கு டெங்கு வந்தப்ப எனக்காக மூணு நைட் டூட்டி பாத்துது. புருஷன் குடிகாரன், ரெண்டு பொண்ணுங்க. நான் மேல போயி சொன்னா வேல போயிடும். அப்ப நானும் காட்டிக் குடுக்கறவதானே? யூதாஸ் மாதிரி ஆயிடமாட்டனா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜெபம் பண்ணுவோம்மா" என்றேன். தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிட்டேன். ஜெபம் நல்லதுதான். ஆனால் அன்றைக்கு நான் அந்த வார்த்தையை நழுவிப் போவதற்கு உபயோகித்தேன். இராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சபையில் இதுவரை நான் சொல்லாத சாட்சி அது.

2009-ம் வருஷம். பைபிள் காலேஜில் டிப்ளமா முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஊழியம், மற்ற நாட்களில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதுகிற வேலை என்று இருந்தேன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் குடோனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன். அவர்தான் சனிக்கிழமை சாயங்காலங்களில் ரசீது இல்லாமல் ஐந்து மூட்டை, ஆறு மூட்டை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். என் நோட்டுக்கும் கேட்டில் எழுதுகிற நோட்டுக்கும் ஒத்துப்போகாதபோது எனக்கு விளங்கிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. 'நான் எடுக்கலையே, என் கை சுத்தம்' என்று சொல்லிக்கொண்டேன்.

இருப்பு பார்த்தார்கள். 38 மூட்டை குறைவு. பழி யார்மேல் விழுந்தது? மூட்டை தூக்குகிற ஒரு பெரியவர் மேல். சந்தேகம் எப்போதும் கீழே நிற்கிறவன் தலையில்தானே இறங்கும். கொடுக்கவேண்டிய கூலியையும் பிடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவர் மில் வாசலில் நின்று, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து மனச்சாட்சி தாங்காமல் முதலாளியிடம் சொன்னேன். அண்ணனை நிறுத்தினார்கள். பெரியவரைத் தேடினால், குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டாராம். நாலு வருஷம் கழித்து செங்கம் பஸ் ஸ்டாண்டில் எதேச்சையாய்ப் பார்த்தேன். காலில் விழாத குறையாய் மன்னிப்பு கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் தம்பி. நீ கோயில்ல பேசற ஆளாச்சே, சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

பிரியமானவர்களே, இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு அந்தச் சகோதரியின் கேள்வியை மறுபடியும் வேதத்தின் வெளிச்சத்தில் ஆராய்ந்தேன். உடன் வேலை செய்கிறவன் தப்பு செய்கிறான். சொல்வதா, விடுவதா? சொன்னால் யூதாஸா?

முதலில் யூதாஸ் யார் என்று பாருங்கள். நம்முடைய நினைவில் அவன் முத்தமிட்டவன், முப்பது வெள்ளிக்காசுக்காரன். ஆனால் அதற்கு முன்னாலேயே யோவான் அவனைப்பற்றி ஒன்றை எழுதிவைத்திருக்கிறார் (யோவான் 12:6). பணப்பை அவனிடம் இருந்தது. அதில் போடப்பட்டதை அவன் எடுத்துக்கொண்டிருந்தான். அதாவது, பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்த ஊழியத்தில், பொதுப் பணத்தைத் திருடின உடன் ஊழியன் அவன். அதையும் ஏழைகள் பேரைச் சொல்லி மறைத்தான். நம் சகோதரியின் கதையில் யூதாஸுக்குப் பக்கத்தில் நிற்கிறது பையில் கைவைக்கிற வேலையா, அதைத் தடுக்கப் பேசுகிற வேலையா?

நம் பாஷையில் ஒரு கஷ்டம். குற்றமில்லாதவரைப் பலவான்கள் கையில் ஒப்புக்கொடுத்தாலும் காட்டிக் கொடுத்தல்தான். பலவான் ஏழையை உரிக்கிறதை வெளியே சொன்னாலும் காட்டிக் கொடுத்தல்தான். ஒரே வார்த்தை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் 'கோள் சொல்றவன்' என்று பேர் வாங்கின பயம் நாற்பது வயதிலும் போகாது.

ஆனால் அப்போஸ்தலர் 23-ம் அதிகாரத்தில் இன்னொருவன் இருக்கிறான். பேர்கூட எழுதப்படவில்லை. பவுலின் சகோதரியுடைய மகன். நாற்பது பேருக்கு மேலே கூடிப் பவுலைக் கொல்லுமட்டும் சாப்பிடுவதில்லை என்று சபதம் பண்ணியிருந்தார்கள். இந்த வாலிபன் அதைக் கேள்விப்பட்டான். கோட்டைக்குள் போய்ச் சொன்னான். அவனும் சொன்னவன்தான். யூதாஸும் சொன்னவன்தான். ஒருவன் சொன்னதால் ஒரு உயிர் தப்பியது, மற்றவன் சொன்னதால் குற்றமில்லாத இரத்தம் சிந்தப்பட்டது. ஆகையால் 'நான் சொல்கிறேனா' என்று கேட்டால் விடை கிடைக்காது. நான் சொல்வதால் யார் காப்பாற்றப்படுகிறார், நான் சொல்லாமல் இருப்பதால் யார் செலுத்துகிறார் என்று கேட்கவேண்டும். என் மௌனத்துக்கு மில் பெரியவர் விலை கொடுத்தார். நம் சகோதரியின் மௌனத்துக்குப் பேரப்பிள்ளையின் முகம் பார்க்க வராந்தாவில் நிற்கிற பாட்டிமார் கொடுக்கிறார்கள்.

உடனே ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார்: "பாஸ்டர், மன்னிக்கச் சொல்லித்தானே பிரசங்கிக்கிறோம்? நியாயந்தீர்க்க நாம யாரு?" நல்ல கேள்வி. நானும் அந்த ஒரு மாதம் இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்த அண்ணனும் பிற்பாடு "நீ பாஸ்டர்தானே, உனக்கு மன்னிக்கத் தெரியாதா?" என்று என்னைக் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். எனக்கு வரவேண்டிய நூறு ரூபாயை நான் தள்ளிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வரவேண்டிய நூறு ரூபாயை நான் தள்ளிவிட முடியுமா? அண்ணன் செய்த அநியாயம் எனக்கு விரோதமானதல்ல. பெரியவருக்கு விரோதமானது. அதை மன்னிக்கிற உரிமை பெரியவருக்குத்தான் இருந்தது. நான் அவருடைய கையெழுத்தை நான் போட்டுக்கொண்டேன். மத்தேயு 18-ல் ஆண்டவர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கும் ஒரு சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றம் செய்தால் என்றுதான் தொடங்குகிறது. அங்கேகூட மறைத்துவிடு என்று இல்லை. தனியாகப் போ, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று படிப்படியாய்ப் போகிறது. நாம் முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டு, அதற்கு 'அன்பு' என்று பேர் வைத்துவிடுகிறோம். மோசேயின் நியாயப்பிரமாணமோ இன்னும் கண்டிப்பானது. கண்டதையோ அறிந்ததையோ சாட்சி சொல்லக் கூப்பிடப்பட்டும் சொல்லாதிருக்கிறவன் தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்கிற கருத்து லேவியராகமம் 5-ம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

இதை வாசித்துவிட்டு நாளைக்கே ஆபீசில் யாரைப்பற்றி மனு எழுதலாம் என்று பேனாவை எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தானியேலின் உடன் அதிகாரிகளும் ராஜாவிடம் போய்ப் புகார்தான் சொன்னார்கள். அவன்மேல் குற்றம் கிடைக்கவில்லை என்றதும், குற்றம் பிடிப்பதற்காகவே ஒரு சட்டம் போடவைத்தார்கள். அது பொறாமை. அந்த நாற்காலி காலியானால் எனக்குத்தான் வரும் என்றால், என் புகாரை இரண்டு தடவை சோதித்துப் பார்க்கவேண்டும். கண்ணால் பார்த்தேனா, காதால் கேட்டேனா என்பதும் பெரிய வித்தியாசம். பதினேழு வயது யோசேப்பு தன் அண்ணன்மாருடைய துன்மார்க்கத்தைத் தகப்பனிடம் சொன்னான் என்று வாசிக்கிறோம். முதலில் அண்ணன்மாரிடம் பேசினானா என்று வேதம் சொல்லவில்லை. பேசியிருந்தால் நன்றாயிருக்கும் என்பது என்னுடைய எண்ணம்.

இப்போது நம் தேசத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாம் செங்கம், ஊத்தங்கரை வழியாய் பெங்களூர் போகிறபோது கிருஷ்ணகிரியில் ஒரு பெரிய ரோட்டில் ஏறுகிறோமே, அது டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நாலையும் இணைக்கிற தங்க நாற்கரச் சாலையின் ஒரு பகுதி. மொத்தம் 5,846 கிலோமீட்டர். அந்தச் சாலையின் வடக்குப் பாகத்தில், ஜார்க்கண்டில் கோடர்மா என்கிற இடத்தில் வேலை பார்த்த பொறியாளர் சத்யேந்திர துபே. பீகாரில் ஒரு கிராமத்துப் பையன், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். தரமில்லாமல் போட்ட ரோட்டை ஒப்பந்தக்காரரைக் கொண்டே பெயர்த்துத் திரும்பப் போடவைத்தார். பிறகும் முறைகேடு நிற்கவில்லை. பெரிய கம்பெனிகள் ஒப்பந்தத்தை எடுத்து, வேலை தெரியாத சின்ன ஆட்களிடம் தள்ளிவிடுவதைக் கண்டார். 2002 நவம்பரில் அப்போதைய பிரதமர் வாஜ்பாய்க்குக் கடிதம் எழுதினார். மொட்டைக் கடிதத்தை யாரும் மதிக்கமாட்டார்கள் என்று தன் பேரையும் விவரத்தையும் தனித்தாளில் வைத்து, அதை ரகசியமாய் வைக்கும்படி வேண்டிக்கொண்டார்.

ரகசியம் காக்கப்படவில்லை. அந்தக் கடிதம் பேரோடுகூட ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், கடைசியில் அவர் யாரைப்பற்றி எழுதினாரோ அந்தத் துறைக்குள்ளேயே வந்து சேர்ந்தது. 2003 நவம்பர் 27, விடியற்காலம், கயா ரயில் நிலையத்தில் இறங்கி ரிக்ஷாவில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். முப்பது வயது. வழிப்பறிக்காரர்கள் செய்தது என்று சி.பி.ஐ. சொன்னது, 2010-ல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கடிதத்துக்கும் கொலைக்கும் சம்பந்தம் இல்லை என்பதை நம்ப அநேகருக்கு இன்றைக்கும் மனசில்லை. நான் அதைத் தீர்க்கிற ஆளல்ல. ஆனால் பேரை வெளியே விட்டது தப்பு, அதற்கு நீதிமன்றம் தேவையில்லை.

அப்போஸ்தலர் 23-ஐ மறுபடியும் திறந்து பாருங்கள். அந்த வாலிபன் வந்தபோது ரோம சேனாபதி என்ன செய்தான்? கையைப் பிடித்துத் தனியாய் அழைத்துக்கொண்டு போனான். கேட்டான். நீ எனக்கு அறிவித்ததை ஒருவரிடமும் சொல்லாதே என்று கட்டளையிட்டு அனுப்பினான். பேர் வெளியே போகவில்லை. நம் வேதத்திலும் அந்தப் பேர் இல்லை! ஒரு அஞ்ஞான சேனாபதிக்கு இருந்த புத்தி, ஜனநாயக தேசத்தின் ஆபீஸ்களுக்கு இல்லாமல் போயிற்று. துபேயின் மரணத்துக்குப் பிறகு 2004-ல் மத்திய அரசு ஒரு தீர்மானம் போட்டது. மத்திய அரசு, அதன் நிறுவனங்களில் நடக்கிற ஊழலை மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம், எழுதினவர் பேர் ரகசியமாய் வைக்கப்படும் என்று. 2014-ல் இதற்கென்று தனிச் சட்டமே பார்லிமென்டில் நிறைவேறி ஜனாதிபதி கையெழுத்தும் ஆயிற்று. ஆனால் அதை அமலுக்குக் கொண்டுவருகிற அறிவிப்பு பத்து வருஷம் கழிந்தும் வரவில்லை.

எல்லாம் துக்கமாகவே முடியும் என்று நினைக்காதிருங்கள். ரான்பாக்ஸி என்கிற பெரிய மருந்துக் கம்பெனியில் தினேஷ் தாக்கூர் என்பவர் இருந்தார். 2004-ல் அவருடைய மேலதிகாரி கேட்டுக்கொண்டபடியினால் மருந்துப் பரிசோதனை விவரங்களை ஆராய்ந்தார். உடன் வேலை செய்கிறவர்கள் காட்டின கணக்குகள் பல நாடுகளுக்குப் பொய்யாய் அனுப்பப்பட்டிருந்தன. அவர் நேரே பத்திரிகைக்கு ஓடவில்லை. மேலதிகாரி மூலமாய்க் கம்பெனி நிர்வாகத்தின் முன் வைத்தார்கள். கேட்கவில்லை. அந்த மேலதிகாரி விலகினார், 2005-ல் இவரும் விலகினார். அதற்குப் பிறகே அமெரிக்க மருந்து அதிகாரிகளுக்கு எழுதினார். எட்டு வருஷம் காத்திருந்தார். 2013 மே மாதம் கம்பெனியின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டு, 50 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. இவர் போன வழியைக் கவனியுங்கள். உள்ளே சொல்லிப் பார்த்து, கேட்கவில்லை என்றபோது வெளியே. மத்தேயு 18-ன் படிகள்தான். மருந்து சாப்பிடுகிற நோயாளிகள் நடுவில் இருக்கிறபோது முதல் படியிலேயே நின்றுவிட முடியாது.

மறுவாரம் சகோதரியைக் கூப்பிட்டேன். முதலில் என் மில் கதையைச் சொன்னேன். பிறகு, "ஜெபம் பண்ணுவோம்னு சொன்னேனே, அது நான் பயந்து சொன்னதும்மா" என்று ஒப்புக்கொண்டேன். என் மனைவியும் கூட இருந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் விசாரித்து வைத்திருந்தேன். அரசு வேலையில் லஞ்சம் வாங்கினால் மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை ஜெயில். 2018-ல் சட்டத்தைத் திருத்தினபிறகு கொடுக்கிறவனும் குற்றவாளி. கட்டாயத்தினால் கொடுத்தவன் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். வராந்தாவில் நிற்கிற பாட்டிக்கு இந்த ஏழு நாள் கணக்கை யார் சொல்லியிருப்பார்கள்? நம் மாநிலத்தில் இதற்கு 1964-லிருந்து லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது, விஜிலென்ஸ் என்று சொல்கிறோமே, அது. ரசாயனப் பவுடர் தடவின நோட்டைக் கொடுத்து, வாங்கினவர் கையைக் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பாய் மாறுகிறது என்று பேப்பரில் வாசிக்கிறோம்.

"இதெல்லாம் கேட்டா இன்னும் பயமா இருக்குது பாஸ்டர்" என்றார் சகோதரி. "அந்தக்காவும் மேல ஒருத்தருக்குப் பங்கு குடுக்குதாம். நான் யார்கிட்ட போயி சொல்லறது?"

இதற்கு என்னிடத்தில் சுலபமான பதில் இல்லை. தனியாய் மேலே போகவேண்டாம் என்றேன். மேலே இருக்கிறவருக்கே பங்கு போகிறதென்றால் அவரிடம் சொல்வது வீண். துபேயின் கடிதம் போன வழியில் போகும். நாள், நேரம் எழுதி வைக்கச் சொன்னேன், கண்ணால் கண்டதை மாத்திரம். முதலில் அந்த அக்காவிடம் நேருக்கு நேர் பேசவேண்டும் என்றோம். மூன்று டூட்டி பார்த்த நன்றிக்கு அதுதான் சரியான மரியாதை. முதுகுக்குப் பின்னால் போகக்கூடாது.

அப்படியே பேசினார். ஆஸ்பத்திரி எதிரில் டீக்கடையில் வைத்து, "இனிமே என் பையில போடாதீங்கக்கா. நான் டூட்டியில இருக்கும்போது யார்கிட்டயும் கேக்காதீங்க. கேட்டா நான் சொல்லத்தான் செய்வேன். ஆனா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்" என்றாராம். அந்த அக்கா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாராம். "உங்க யேசப்பா வந்து எம் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டுவாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

அந்தக் கேள்வியும் நியாயமான கேள்விதான். ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்ன பவுல் ஞாபகத்துக்கு வந்தார். கண்டிக்கப் போகிறவன் சுமையில் ஒரு முனையையாவது பிடிக்கவேண்டுமே. மூப்பர்களோடு பேசி, அந்தப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குச் சபையிலிருந்து கொஞ்சம் கொடுப்பது என்று தீர்மானித்தோம். சகோதரி எடுத்துப்போய்க் கொடுத்தார். அக்கா வாங்கவில்லை. மூன்று வாரம் முகம் கொடுத்தும் பேசவில்லை. ஆனால் நம் சகோதரியின் ஷிப்டில் காசு கேட்பது நின்றிருக்கிறது. மற்ற ஷிப்டுகளில் நடக்கிறது.

காணிக்கைப் பையில் விழுந்த பணம்? சகோதரி கூட்டிப் பார்த்துச் சொன்ன தொகை 3,400 ரூபாய். யூதாஸ் வீசின காசைக் காணிக்கைப் பெட்டியில் போடுவது நியாயமல்ல என்று ஆண்டவரைக் கொல்லத் தேடின ஆசாரியர்களுக்கே தெரிந்திருந்தது (மத்தேயு 27:6). அவர்கள் அந்தக் காசை முதலில் எடுத்துக் கொடுத்ததைப்பற்றி மட்டும் யோசிக்கவில்லை. நாங்கள் அந்தத் தொகையைச் சபைக் கணக்கிலிருந்து எடுத்து ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்தோம். யாருக்குத் திருப்பிக் கொடுப்பது? அத்தனை பாட்டிமாரை எங்கே தேடுவது? ஒரே ஒரு குடும்பத்தின் ஊர் மாத்திரம் சகோதரிக்கு ஞாபகம் இருந்தது. மலைமேல் இருக்கிற ஒரு கிராமம். பேரப்பிள்ளையைப் பார்க்க 500 ரூபாய் கொடுக்க, கம்மலை அடகு வைத்த அம்மாள்.

போன மாதம் நானும் என் மனைவியும் சகோதரியும் பஸ் மாறிப் போனோம். பிள்ளை நன்றாயிருந்தான், தவழ்ந்துகொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லிப் பணத்தை நீட்டினோம். அந்த அம்மாள் நோட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார். மோர் கொடுத்தார். நாங்கள் எழுந்திருக்கிறபோது சகோதரியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாய்க் கேட்டார்:

"அந்தம்மா இன்னும் அங்கியேதான் வேல செய்யுதா? வர்ற மாசம் எங்க சின்னவளுக்குப் பிரசவம்."